நிறுத்தி வைத்த டீசல் ரைடிங் மோவர் தகராறு செய்தால்: அறிகுறி பார்த்து சரிசெய்யும் வழி

மாதக்கணக்கில் ஷெட்டில் நின்ற டீசல் ரைடிங் மோவரை (உட்கார்ந்து ஓட்டும் புல் வெட்டும் வண்டி) வெளியே எடுக்கும்போது வருகிற தொல்லைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். வண்டி மாறும், பழுது மாறாது. அதனால்தான் இதை அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன். உங்கள் வண்டி என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில் வரும், செலவு பிடிப்பது கடைசியில் வரும், வரிசையைத் தாண்டாதீர்கள். முக்கியமாக, வந்ததும் வராததுமாக யாராவது இன்ஜினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் இன்ஜெக்‌ஷன் பம்பைக் காட்டி "பம்ப் போயிடுச்சு" என்றால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். போன தடவை நன்றாக ஓடி நின்ற வண்டி இப்போது கிளம்பவில்லை என்றால் டீசலில் தண்ணீர், குழாயில் காற்று, பேட்டரி முனையில் பூத்த உப்பு, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

கையில் ஒரு மல்டிமீட்டர், ஸ்பேனர் செட், கம்பி பிரஷ், மூடியுள்ள கண்ணாடி பாட்டில் ஒன்று இருந்தால் போதும். டெக்குக்கு (பிளேடுகளை மூடியிருக்கும் அடிப்பெட்டி) அடியில் கை விடும் முன் சாவியை எடுத்துவிட்டு பேட்டரியின் நெகட்டிவ் வயரையும் கழற்றிவிடுங்கள். இன்னொன்று, முதல் ஸ்டார்ட்டுக்கு முன்பே ஏர் ஃபில்டர் பெட்டியையும் ஃபேன் கவரையும் திறந்து பாருங்கள். எலி கூடு கட்ட இதைவிட நல்ல இடம் அதற்குக் கிடைக்காது. கூடு இருந்தால் பக்கத்தில் கடித்த வயரும் இருக்கும், அதையும் தேடுங்கள்.

## சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை

முதலில் டாஷ் விளக்குகள் எரிகின்றனவா என்று பாருங்கள்.

விளக்கு எரிகிறது, செல்ஃப் எடுக்கவில்லை. இது பழுதே இல்லாமலும் இருக்கலாம். பெரும்பாலான ரைடிங் மோவர்களில் பிளேடு சுவிட்ச் ஆஃபில் இருக்க வேண்டும், பிரேக் பெடல் முழுதாக அழுந்தியிருக்க வேண்டும் அல்லது வண்டி நியூட்ரலில் இருக்க வேண்டும், சிலவற்றில் ஆள் சீட்டில் உட்கார்ந்தும் இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் செல்ஃபுக்குக் கரண்ட் போகாது. பிளேடு சுவிட்சை இரண்டு மூன்று தடவை இழுத்துத் தள்ளிவிட்டு, பிரேக்கை நன்றாக மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் சீட்டைத் தூக்கி அடியில் உள்ள சுவிட்சின் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். ஈரத்தில் நின்ற வண்டியில் அந்தப் பின்கள் பச்சை பிடித்திருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்து மாட்டினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. சுவிட்சே போயிருந்தால் புதிது போடுங்கள், வயரை ஒட்டி பைபாஸ் செய்து அப்படியே ஓட்டாதீர்கள். ஆள் கீழே விழுந்தால் பிளேடை நிறுத்துவதற்கென்று இருக்கிற ஒரே சாதனம் அதுதான்.

விளக்கும் இல்லை. பேட்டரி முனை, மெயின் ஃபியூஸ், சாவி சுவிட்ச் என்ற வரிசையில் பாருங்கள். ஃபியூஸ் எரிந்திருந்தால் புதிது போட்டுப் பாருங்கள். அதுவும் உடனே எரிந்தால் எங்கோ வயர் பாடியைத் தொடுகிறது என்று அர்த்தம். பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போட்டு ஏமாற்ற வேண்டாம். எலி கடித்த இடம் கண்ணுக்குத் தெரிந்தால் நீங்களே ஒட்டலாம். தெரியவில்லை என்றால் ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிற இடம் இது.

## டிக் டிக் என்கிறது, அல்லது செல்ஃப் சோம்பலாகச் சுற்றுகிறது

பெட்ரோல் இன்ஜினுக்குத் தாக்குப்பிடிக்கிற பலவீனமான பேட்டரி டீசலுக்கு ஆகாது. வேகமாகச் சுற்றினால்தான் டீசல் பற்றும்.

மல்டிமீட்டரை பேட்டரி முனையில் வையுங்கள். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.4க்குக் கீழே என்றால் சார்ஜ் போட்டுவிட்டுப் பேசலாம். 12க்குக் கீழே பல வாரம் கிடந்த பேட்டரி சார்ஜ் ஏறினாலும் பழைய தெம்புக்குத் திரும்புவது சந்தேகம்தான். சார்ஜ் ஆன பிறகு, செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி போய்விட்டது.

பேட்டரி நன்றாக இருந்தும் சோம்பல் என்றால் அடுத்து எர்த். இந்தச் சோதனையைப் பலர் செய்வதே இல்லை, ஆனால் நிறைய செல்ஃப் மோட்டார்கள் அநியாயமாகக் கழற்றப்படுவது இதனால்தான். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். 0.5 வோல்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயர் சரியில்லை. அது சேஸில் மாட்டியிருக்கும் போல்ட்டைக் கழற்றினால் வாஷருக்கு அடியில் துரு தெரியும். கம்பி பிரஷ் போட்டுப் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். பாசிட்டிவ் பக்கத்தையும் இதே மாதிரி பேட்டரி கம்பத்துக்கும் செல்ஃப் போல்ட்டுக்கும் இடையில் அளக்கலாம்.

ஒரே ஒரு பலமான "டக்" வந்து நின்றுவிட்டால் செல்ஃபின் சொலினாய்டு (கரண்ட் வந்ததும் இழுக்கும் மின்காந்தம்) அல்லது மோட்டாரில் சந்தேகப்படலாம். ஆனால் அதற்கு முன் கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு இன்ஜினைக் கையால் சுற்றிப் பாருங்கள். கனமாகத்தான் இருக்கும், ஆனால் சுற்ற வேண்டும். கல் மாதிரி நின்றால் சிலிண்டருக்குள் தண்ணீரோ டீசலோ இறங்கியிருக்கலாம், அல்லது பிஸ்டன் பிடித்திருக்கலாம். அதற்கு மேல் செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளையும். கையை எடுத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

## செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பற்றவில்லை

இங்கேதான் அதிக நேரமும் அதிகப் பணமும் வீணாகிறது. செல்ஃபை 10 விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காதீர்கள், அரை நிமிடமாவது ஆறவிடுங்கள். அடிக்கும்போது சைலன்சரைக் கவனியுங்கள். எந்தப் பக்கம் போவது என்பதை அந்தப் புகைதான் சொல்லும்.

### புகை துளிகூட வரவில்லை

டீசல் சிலிண்டருக்குப் போய்ச் சேரவில்லை.

டீசல் இருக்கிறதா, டேங்க் காக் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், நிறுத்தும்போது காக்கை மூடியவர் வேறு ஆளாக இருப்பார்.

அப்புறம் ஸ்டாப் சொலினாய்டு. பெரும்பாலான வண்டிகளில் சாவியை ஆனில் வைத்ததும் பம்புக்குப் பக்கத்தில் "டக்" என்று ஒரு சத்தம் வர வேண்டும். அது வந்தால்தான் டீசல் வழி திறக்கும். சத்தம் இல்லையென்றால் அதன் வயரில் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். வந்தும் அசையவில்லை என்றால் சொலினாய்டு இறுகியிருக்கிறது. வரவில்லை என்றால் மறுபடியும் ஃபியூஸ், ரிலே, சேஃப்டி சுவிட்ச் பக்கம் போங்கள். வெறும் சொலினாய்டு வேலை செய்யாததற்குப் பம்பைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சுக்கு அனுப்பிய கதைகள் ஏராளம்.

மூன்றாவது, கண்ணாடி பாட்டில். வாட்டர் செப்பரேட்டர் கிண்ணத்தில் உள்ளதை, அது இல்லாத வண்டியில் டேங்கின் அடியிலிருந்து கொஞ்சத்தை, பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். டீசல் தெளிந்து, பின்னால் வைத்த எழுத்தைப் படிக்க முடிய வேண்டும். அடியில் தனியாக ஒரு அடுக்கு நின்றால் தண்ணீர். அந்த அடுக்குக்கும் டீசலுக்கும் நடுவே பழுப்பாகவோ கறுப்பாகவோ சளி போல மிதந்தால் அது டீசலில் வளர்கிற பூஞ்சையும் பாக்டீரியாவும். தண்ணீர் மட்டும் என்றால் வடித்துவிட்டு ஃபில்டர் மாற்றினால் போதும். சளி இருந்தால் டேங்கைக் கழற்றிக் கழுவ வேண்டும், புது டீசலில் அதற்கான கொல்லி மருந்து கலக்க வேண்டும். டேங்கைக் கழுவாமல் புது ஃபில்டர் போட்டால் அதுவும் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.

நான்காவது, ரப்பர் குழாய்கள். டேங்கிலிருந்து, டீசலை இழுத்துத் தரும் லிஃப்ட் பம்ப் வரைக்கும் உள்ள குழாயில் டீசல் உறிஞ்சப்படுகிறது, தள்ளப்படுவதில்லை. அதனால் அங்கே விரிசல் விட்டால் டீசல் வெளியே கசியாது, காற்று உள்ளே போகும். தரையில் ஒரு சொட்டுகூட இருக்காது, ஆனால் இன்ஜினுக்கு டீசல் கிடைக்காது. கிளிப் மாட்டியிருக்கும் ஓரத்தில் குழாயை மடக்கிப் பாருங்கள், முடி போன்ற வெடிப்புகள் தெரியும். சந்தேகமாக இருந்தால் நடுவில் ஒரு துண்டு நிறமற்ற டீசல் குழாயைத் தற்காலிகமாகப் போட்டு, குமிழி ஓடுகிறதா என்று பாருங்கள். குழாய் மலிவு, எல்லாவற்றையும் கிளிப்போடு மாற்றிவிடுவது உத்தமம்.

எலக்ட்ரிக் லிஃப்ட் பம்ப் உள்ள வண்டியில் சாவி ஆனில் இருக்கும்போது அது டிக்டிக்கென்று ஓடும் சத்தம் கேட்கும். அது தள்ளும் டீசலை ஒரு பாட்டிலில் பிடித்தால் தடையில்லாமல் கொட்ட வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு ஏர் எடுக்க வேண்டும். ஃபில்டர் மாற்றினாலும் குழாய் மாற்றினாலும் டேங்க் காலியானாலும் இது கட்டாயம். தானாக ஏர் வெளியேறும் அமைப்புள்ள வண்டியில் சாவியை ஆனில் வைத்து ஓரிரு நிமிடம் லிஃப்ட் பம்பை ஓடவிட்டால் போதும். மற்றவற்றில் முதலில் ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவை ஒரு சுற்று தளர்த்துங்கள், கை பம்ப் இருந்தால் அடியுங்கள், நுரையாக வருவது குமிழியில்லாமல் வழியத் தொடங்கியதும் இறுக்குங்கள். அடுத்து இன்ஜெக்‌ஷன் பம்பில் உள்ள ஸ்க்ரூவுக்கும் அதேதான். கடைசியாக, சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில்களுக்குப் போகும் இரும்புக் குழாய் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, செல்ஃப் அடித்து, ஒவ்வொன்றிலும் டீசல் துள்ளி வந்ததும் இறுக்குங்கள். வரிசை மாறினால் மறுபடி முதலிலிருந்து. இந்த இரும்புக் குழாய்களுக்குப் பக்கத்தில் கையை வைத்துக் கசிவு தேடாதீர்கள், அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். 100 பாருக்கு மேல் அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்திய அளவுதான் தெரியும், வலியும் பெரிதாக இருக்காது. ஆனாலும் அன்றே, அந்த மணிநேரமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது.

பம்ப் வரைக்கும் சுத்தமான டீசல் வருகிறது, சொலினாய்டு திறக்கிறது, ஏர் எடுத்தாகிவிட்டது, அப்படியும் நாசில் நட்டில் ஒரு துளி இல்லையா? இப்போது பம்ப் மெக்கானிக்கைக் கூப்பிடலாம். இன்ஜெக்‌ஷன் பம்பை வீட்டில் பிரிக்கக் கூடாது.

### வெள்ளைப் புகை வருகிறது, ஆனால் பற்றவில்லை

டீசல் போகிறது, எரியவில்லை. பெரும்பாலும் காரணம், ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக். சாவியை ஹீட் நிலையில் வைத்ததும் பிளக்குகளை இணைக்கும் பட்டையில் 12 வோல்டுக்குக் கிட்டத்தட்ட வருகிறதா பாருங்கள். வராவிட்டால் ரிலே அல்லது ஃபியூஸ். வந்தால், சாவியை ஆஃப் செய்து பட்டையைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு பிளக்கின் நுனிக்கும் பிளாக்குக்கும் இடையில் ஓம் அளவு பாருங்கள். ஒரு ஓம் அருகில் காட்டினால் நல்லது, எதுவுமே காட்டாமல் நின்றால் அந்தப் பிளக் செத்தது. மூன்றில் ஒன்று போயிருந்தாலும் மூன்றையும் மாற்றிவிடுவேன், மற்ற இரண்டும் அதே வயதுதானே.

குளிரில் மட்டும் இந்தத் தொல்லை என்றால் இரண்டு தடவை ஹீட் கொடுத்துவிட்டு அடித்துப் பாருங்கள். ஈதர் ஸ்ப்ரேயை மட்டும் தொடாதீர்கள். ஹீட்டர் பிளக் சிவந்திருக்கும்போது அது உள்ளே போனால் நேரத்துக்கு முன்பே வெடித்து பிஸ்டனையே உடைக்கும்.

பிளக் சரி, பேட்டரி சரி, அப்படியும் வெள்ளைப் புகைதான் என்றால் கம்ப்ரஷன் பார்க்க வேண்டியிருக்கும், அது மெக்கானிக் வேலை. புகையில் இனிப்பு வாடை வந்து ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட், இனி ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்.

## கிளம்புகிறது, கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடுகிறது

அணைந்த உடனே டேங்க் மூடியைத் திறங்கள். "உஸ்" என்று காற்றை உறிஞ்சினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது, செலவில்லாத பழுது. இல்லையென்றால் டேங்குக்குள் உறிஞ்சும் வாயில் சல்லடை இருக்கும், சருகோ சளியோ அதில் ஒட்டும். நின்றதும் அது விழுந்துவிடும், அதனால் பத்து நிமிடம் கழித்துக் கிளம்பும், மறுபடி அணையும். அடுத்து ஃபில்டர், அப்புறம் முன்பு சொன்ன உறிஞ்சு குழாய்.

மேடு பள்ளத்தில் குலுங்கும்போது மட்டும் படக்கென்று அணைந்தால் அது டீசல் இல்லை, சீட் சுவிட்ச். டீசல் குறைந்து அணைகிற இன்ஜின் திணறித் திணறி அணையும். கரண்ட் போய் அணைகிற இன்ஜின் சட்டென்று நிற்கும். இந்த வித்தியாசத்தைக் காதில் வாங்கினாலே பாதி வேலை மிச்சம்.

## இழுவை இல்லை, கரும்புகை தள்ளுகிறது

ஏர் ஃபில்டரை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். டெக்குக்கு அடியில் காய்ந்த புல் அப்பியிருந்தாலும், பிளேடு மழுங்கியிருந்தாலும், ஆளுயரப் புல்லை ஒரே வெட்டில் வெட்டப் பார்த்தாலும் இதேதான் நடக்கும். த்ராட்டில் கேபிள் இறுகி முழு வேகத்துக்குப் போகாததும் ஒரு காரணம். வெட்டும்போது இன்ஜின் முழு வேகத்தில்தான் ஓட வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தால் நாசில்களைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் பார்க்கக் கொடுங்கள். நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. ஆயில் அளவு கூடுதலா என்று மட்டும் நீங்கள் பாருங்கள், மிச்சம் மெக்கானிக்குக்கு.

## ஆயில் குச்சியில் அளவு ஏறியிருக்கிறது

ஆயில் அளவு தானாக ஏறாது. டீசல் இறங்கியிருக்கிறது அல்லது கூலன்ட் கலந்திருக்கிறது. ஆயில் கெட்டியில்லாமல் நீர்த்து ஓடி டீசல் வாடை அடித்தால் லிஃப்ட் பம்ப் டயாஃப்ரம் அல்லது இன்ஜெக்‌ஷன் பம்ப் சீல் கசிகிறது, பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர். இரண்டிலுமே ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

காரணம் இருக்கிறது. டீசல் கலந்து பெருகிய ஆயிலை இன்ஜின் காற்று வழியாக உறிஞ்ச ஆரம்பித்தால் சாவியைப் பிடுங்கினாலும் நிற்காது, வேகம் ஏறிக்கொண்டே போகும். அப்படி ஆகிவிட்டால் காற்று உள்ளே போகும் வாயைத் தட்டையான பலகையால் அடைப்பதுதான் வழி. கையால் அடைக்காதீர்கள். பக்கத்தில் போகவே பயமாக இருந்தால் விலகிவிடுங்கள், இன்ஜின் போனால் போகட்டும்.

## சூடு ஏறுகிறது

பத்தில் எட்டு தடவை ரேடியேட்டர் முன்னால் உள்ள சல்லடையில் புல் தூள்தான். சல்லடையை எடுத்துவிட்டு, ரேடியேட்டரின் ஃபேன் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் காற்று அடியுங்கள். வெளியிலிருந்து அடித்தால் தூசியை இன்னும் உள்ளே திணிக்கிறீர்கள். பிரஷர் வாஷரைக் கிட்டே வைத்தால் மெல்லிய இறகுகள் மடங்கிவிடும். அப்புறம் ஃபேன் பெல்ட், ஆறிய பிறகு கூலன்ட் அளவு, தெர்மோஸ்டாட் என்று போங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. கூலன்ட் ஊற்ற ஊற்றக் குறைகிறது, வெளியே கசிவும் இல்லை என்றால் மெக்கானிக்.

## இன்ஜின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை

ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியில் (கியருக்குப் பதில் ஆயில் அழுத்தத்தால் நகர்வது) பின்பக்கம் பைபாஸ் லீவர் ஒன்று இருக்கும், கையால் தள்ளுவதற்காக இழுத்து விடுவது. ஷெட்டுக்குள் தள்ளிவிட்டவர் அதைத் திரும்பப் போட மறந்திருப்பார். அடுத்து டிரைவ் பெல்ட் கழன்றிருக்கிறதா, ஹைட்ராலிக் ஆயில் அளவு சரியா. குளிரில் நின்ற வண்டியைச் சில நிமிடம் சும்மா ஓடவிட்டுப் பாருங்கள். ஊளையிடுகிற சத்தத்தோடு மெதுவாக நகர்ந்தால் ஹைட்ராலிக் ஃபில்டரை மாற்றலாம். அதற்கும் சரியாகாவிட்டால் உள்ளே பம்ப் தேய்மானம், வீட்டு வேலை இல்லை.

## பிளேடு சுற்றவில்லை, அல்லது வண்டியே அதிர்கிறது

சுற்றவில்லை என்றால் பெல்ட், பிளேடு சுவிட்ச், அப்புறம் எலக்ட்ரிக் கிளட்ச். கிளட்ச் கனெக்டரில் 12 வோல்ட் வந்தும் "டக்" என்று பிடிக்கவில்லை என்றால் தகடுகளுக்கு இடையே துரு ஏறியிருக்கலாம் அல்லது காயில் போயிருக்கலாம். அதிர்வு என்றால் பிளேடைக் கழற்றி நடுத்துளையை ஆணியில் மாட்டிப் பாருங்கள், ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் அரைக்க வேண்டும். வளைந்த பிளேடைத் தட்டி நிமிர்த்த வேண்டாம், மாற்றுங்கள். பிளேடு இல்லாமல், அது மாட்டும் தண்டான ஸ்பிண்டிலைக் கையால் சுற்றும்போது கரகரத்தால் பேரிங். வெட்டு ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் டெக்கைத் திருகும் முன் டயர் காற்றைப் பாருங்கள், நின்ற வண்டியில் இதுதான் முதல் காரணம்.

## அடுத்த தடவை நிறுத்தும்போது

மேலே உள்ளதில் முக்கால்வாசி, நிறுத்துகிற அன்று செய்யாமல் விட்டதால் வருவது. டேங்கைக் காலியாக விடாதீர்கள். பெட்ரோல் வண்டியில் கார்புரேட்டர் வறளும்வரை ஓட்டுகிற பழக்கத்தை டீசலுக்குக் கொண்டுவந்தால் குழாய் முழுக்கக் காற்று, காலி டேங்கின் சுவரில் நீர் கோத்து அடியில் இறங்கும். புது டீசலால் நிரப்பி, டீசல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசரும் கொல்லி மருந்தும் கலந்து, பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள், கலந்த டீசல் நாசில் வரைக்கும் போய்ச் சேர வேண்டும். பழைய ஆயிலில் அமிலம் இருக்கும், எனவே ஆயிலை நிறுத்தும் முன்பே மாற்றுங்கள், எடுக்கும்போது அல்ல. டெக்கின் அடியைச் சுரண்டிக் காய வையுங்கள், ஸ்பிண்டில்களுக்கு கிரீஸ் அடியுங்கள், டயரில் காற்றைச் சரியாக வையுங்கள். உறைபனி விழும் இடமென்றால் கூலன்ட் கலவை சரியா என்று பார்த்துவிடுங்கள், வெறும் தண்ணீர் உறைந்தால் பிளாக் வெடிக்கும்.

பேட்டரியைக் கழற்றி மெயின்டெய்னர் சார்ஜரில் போடுங்கள், அல்லது மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுங்கள். சிமெண்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்பார்கள், இப்போதைய பிளாஸ்டிக் உடம்பு பேட்டரிகளுக்கு அது பொருந்தாது, எங்கே வேண்டுமானாலும் வையுங்கள். எலி நுழையாமல் சைலன்சர் வாயிலும் காற்று வாயிலும் துணி அடைத்தால், எங்கெங்கே அடைத்தீர்கள் என்று ஒரு அட்டையில் எழுதி சாவியோடு கட்டிவிடுங்கள்.